பார்வதி அக்கா பார்த்து வைக்கச் சொன்ன கத்தி

வியாழக்கிழமை காலை ஸ்டோரைத் திறக்கும்போது பார்வதி அக்காவின் மகள் அழைத்தாள். "அங்கிள், அம்மா போயிட்டாங்க." "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுத் தொலைத்தேன். இப்படியும் ஒரு மடையன் இருப்பானா?

அக்காவோடு தண்ணீர்மலைப் பக்கச் சரிவுகளில் புதர் வெட்டியவர்கள், இங்கே கூடியிருக்கும் நீங்கள். உங்களுக்குக் கத்தி வாங்கித் தரும் ஸ்டோர்காரன் நான். ஒருமுறை பளபளவென்று ஒரு டஜன் பாராங் கத்திகளை வாங்கிவந்து பெருமையாக அடுக்கினேன். அக்கா ஒன்றை எடுத்து, வாய்ப்பக்கம் அரத்தை வைத்து இழுத்தார். சோப்புக்கட்டியில் இறங்குவதுபோல் இறங்கியது. "இரும்பு மெதுவு தம்பி. அரம் வழுக்கணும், லேசாத்தான் புடிக்கணும். மொகம் பாக்கவா வாங்குன? மத்தியானத்துக்குள்ள மழுங்கிரும்லா." எல்லார் முன்னாலும்! பன்னிரண்டையும் திருப்பி அனுப்ப வைத்தார். இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு பொட்டலம் நாசி லெமாக்கை என் மேசையில் வைத்து, "கோவத்த அப்புறம் வச்சுக்க. மொதல்ல சாப்புடு" என்றார்.

போன வருஷம் புற்றுநோய் என்றார்கள். பாதி சிகிச்சையில் என்னைக் கூப்பிட்டார். "என் கத்திய யாராச்சும் எடுத்திருப்பாங்க. வேலைக்கு வந்திருவேன்ல? நல்லதா ஒண்ணு பாத்து வையி."

அவருக்காக என்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். லீவு போட்டேன். ஜுருவில் இரண்டு கடை ஏறினேன், சரிப்படவில்லை. கெப்பாலா பத்தாஸில், லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த ஒன்று கிடைத்தது. அரம் வழுக்கியது. காய்ந்த மூங்கிலில் இருபது வெட்டு வெட்டிவிட்டுக் காகிதத்தை அறுத்துப் பார்த்தேன், சிக்காமல் அறுத்தது. சிறுபிள்ளைபோல் சந்தோஷப்பட்டேன்.

அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். வழக்கம்போல் கட்டைவிரலைக் கூரின் மேல் வைத்துப் பார்த்தார். "கூரே தெரியலையே தம்பி" என்று இன்னும் அழுத்தினார். அதற்குள் ரத்தம் மடியில் சொட்டியது. "அக்கா!" என்று அலறினேன். மருந்தில் அவர் விரல்கள் மரத்துப்போயிருந்தன; எனக்குத் தெரியாது. அக்கா விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கத்தி நல்ல கத்திதான்லா. என் கைதான் போயிருச்சு."

அந்த விரலைத் துண்டால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேறென்ன செய்வேன்? கிளம்பும்போது, "இத எடுத்துட்டுப் போ. வேலை செய்யுற கையில குடு" என்றார்.

நேற்று, அக்காவின் இடத்துக்கு வந்திருக்கும் செல்வி ஸ்டோருக்கு வந்தாள். "அண்ணே, நல்ல கத்தி ஏதாச்சும் இருக்கா?"

"இல்லம்மா" என்றேன்.

என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. அக்கா, நீங்கள் கடைசியாகச் சொன்ன ஒரு வேலை, அதையும் என்னால் செய்ய முடியவில்லை.