மாற்றிச் சொன்ன கடைசிப் பக்கம்

விதை மல்லாட்டையின்மேல் தண்ணீர் தெளித்ததும் கிளம்பும் வாசனை புதுமழை வாசனை மாதிரி என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். எனக்கு அது நெடுநாள் பூட்டிக்கிடந்த அறையைத் திறந்ததும் முகத்தில் வந்து மோதுகிற வாசனை. நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் "மல்லாட்டை". மார்கழி பிறந்ததும் செலியமேட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஓட்டுக் கொட்டகையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, விதைக்கென்று ஒதுக்கிய காய்களை நனைத்துப் பதமாக்கி, ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அழுத்தி உடைப்பார்கள். இயந்திரத்தில் போட்டால் பருப்பின் தோல் உரிந்துவிடும், தோல் உரிந்தது முளைக்காது. காலை முதல் பொழுது சாயும்வரை ஓயாத அந்த "படக், படக்" சத்தம், எனக்குப் பதினோரு வயதான அந்த மார்கழியிலிருந்து, எங்கே கேட்டாலும் அந்த இடத்தைவிட்டு எழுந்துபோய்விடுகிறேன்.

விதை உடைக்கும் இடத்தில் கதை சொல்வது எங்கள் வீட்டு வழக்கம். "பேசுற வாய் திங்காது" என்பது அப்பாவின் நியாயம். விதைக்கடலை வாய்க்குள் போய்விடாமல் இருக்க அவர் கண்டுபிடித்திருந்த காவல் அது. பெண்களின் நியாயம் வேறு. தொடங்கிய கதையைக் கடைசிக் காய் உடைவதற்குள் முடித்துவிட வேண்டும், அதுவும் நல்லபடியாக முடிக்க வேண்டும். "வெதைக்குக் காது இருக்கு" என்பார்கள். சாவில் முடிந்த கதையைக் கேட்ட விதை மண்ணுக்குள்ளேயே அழுகிவிடும். நல்லபடியாக முடிந்தாலோ அந்த வீட்டில் அந்த வருஷம் எடுத்த காரியமெல்லாம் விளங்கும். பெரும்பாலும் சினிமாக் கதைதான் ஓடும். வில்லன் சாவதில் மட்டும் விதைக்கு ஆட்சேபணை இல்லை.

அந்த வருஷம் கதை சொன்னவள் என் அத்தை சுகுணா, அப்பாவின் கடைசித் தங்கை. டவுனுக்கு பஸ்ஸில் போய் ஆங்கில இலக்கியம் படித்துப் பட்டம் வாங்கியவள்; வாங்கிய பிறகு மூன்று வருஷமாக வீட்டில் உட்கார்ந்திருந்தவள். அவளிடம் ஒரு தடித்த நாவல் இருந்தது. நடைபாதைப் பழைய புத்தகக் குவியலில் கிடைத்தது. அட்டையும் முதல் தாள்களும் போயிருந்ததால் அதற்குப் பெயரில்லை, எழுதியவரும் இல்லை. குதிரை வண்டிகளும் பாதிரிமார்களும் உயில்களும் நிறைந்த, பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்துக் கதை. பாகூர் ரோட்டு பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே இரண்டு முறை அதைப் படித்திருக்கிறாள் அத்தை. கொட்டகையில் ஒரு முறத்தைக் கவிழ்த்து அதன்மேல் புத்தகத்தை வைத்து, ஆங்கிலத்தில் கண்ணை ஓட்டித் தமிழில் சொல்லிக்கொண்டு போவாள். விரல்கள் பாட்டுக்கு உடைத்துக்கொண்டிருக்கும்.

கதாநாயகி, இறந்துபோன ஒரு பாதிரியாரின் மகள். சொத்தில்லை, ஒரு தங்கை மட்டும் உண்டு. பெயர் வாயில் நுழையாததால் பெண்கள் அவளுக்கு "வெள்ளச்சி" என்று பெயர் வைத்தார்கள். சதுப்பு நிலத்து ஓரம் தனியாக நிற்கும் மாளிகையின் சொந்தக்காரர் அவளைப் பெண் கேட்கிறார், அவர் "தொரை". துரையின் முதல் மனைவி காய்ச்சலில் இறந்தவள். கல்யாணம் ஆகி அந்த வீட்டுக்குப் போன வெள்ளச்சி தங்கைக்குக் கடிதம் எழுதுகிறாள். நானே தபாலில் சேர்க்கிறேன் என்று துரை அன்போடு வாங்கிக்கொள்கிறார். பதில் வருவதில்லை. ஒருநாள் அவர் மேசையின் இழுப்பறை பூட்டாமல் கிடக்கிறது. உள்ளே, முதல் மனைவி தன் தாய்க்கு எழுதிய கடிதங்கள், தபால்தலை ஒட்டி, நாடா போட்டுக் கட்டி, ஒன்றுகூட அனுப்பப்படாமல் இருக்கின்றன.

இன்று நான் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறேன். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய இந்தக் குண்டு நாவல்களை இப்போது எதற்குப் படிக்க வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் மாணவர்கள் கேட்கிறார்கள். நான் விளக்கம் சொல்லும்போதெல்லாம் மனதில் இருப்பது அந்தக் கொட்டகைதான். பனிமூட்டத்தையும் கோச்சு வண்டியையும் கண்டிராத அந்தப் பெண்களுக்கு ஓர் இடமும் தடுக்கவில்லை. சொத்தில்லாத பெண்ணை வீட்டில் வைத்திருக்கும் சங்கடம் தெரியும். கேள்விப்பட்டதைத் தவிர வேறெதுவும் தெரியாத ஓர் ஆளின் பின்னால் போய் ஒரு வீட்டுக்குள் நுழைவது தெரியும். போனவளிடமிருந்து சேதி வராதது நன்றாகவே தெரியும். எங்கள் நிலத்தில் வேலை செய்த அஞ்சலை ஒரு நாள் அத்தையை நிறுத்திக் கேட்டாள்.

"கணப்புன்றியே பாப்பா, அது இன்னா?"

"குளிருக்கு வூட்டுக்குள்ளயே நெருப்புப் போட்டுக்குவாங்க, அஞ்சல."

"அத யாரு மூட்டறா?"

"வேலைக்காரி."

"அப்ப அவளுக்குத் தெரிஞ்சிருக்கும், மொதப் பொண்டாட்டி எப்பிடிச் செத்தான்னு. அவளக் கேக்கச் சொல்லு."

எத்தனையோ விமரிசனக் கட்டுரைகள் படித்துவிட்டேன். இதற்கு ஈடாக ஒரு வரியை நான் இன்னும் பார்க்கவில்லை.

கதை பாதி நடந்துகொண்டிருந்தபோது அத்தைக்கு வரன் வந்தது. வில்லியனூர்ப் பக்கத்து "சொல்தா" குடும்பம். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். மாப்பிள்ளைக்கு பிரெஞ்சு நேஷனாலிட்டி, பாரிசுக்கு வெளியே வேலை, ஒரு மாத லீவில் வந்திருந்தார். வயது நாற்பது. முதல் தாரம் இறந்து இரண்டு வருஷம். காய்ச்சல் என்று சொன்னார்கள். பெண்ணை மணந்தால் அவளுக்கும் அந்த நேஷனாலிட்டி, பிறகு அவள் வழியாக யார் யாருக்கு எல்லாமோ கதவு திறக்கும் என்பது பிரெஞ்சுக்காரர்கள் "கொம்யூன்" என்று பிரித்துவைத்த எங்கள் வட்டாரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. முதல் தாரத்தின் தாய் வீட்டில் ஒரு வார்த்தை விசாரிக்கலாமே என்று அம்மா இழுத்தாள். அப்பா அதட்டினார்: "எழவு வூட்டுப் படி ஏறிக் கல்யாணப் பேச்சு பேசறதா? நேஷனாலிட்டி மாப்ள நம்ம வாசல்ல வந்து நிக்கறான். கேள்வி கேட்டுகினு இருந்தா பக்கத்து வூட்டுக்குப் போய்டுவான்." எழவு வீட்டில் சுபகாரியம் பேசுவது அபசகுனம் என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட சட்டம். அம்மா வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் கொட்டகையில் இழுப்பறைக் கடிதங்களின் கட்டம் வந்தது. சொல்லி முடித்ததும் அஞ்சலைதான் தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"ஏம் பாப்பா, ஒன்னு சொன்னா கோச்சிக்க மாட்டியே? எங்க அக்காவக் குடுத்த ஊர்லதான் அந்த மொதத் தாரத்தோட அம்மா கீது. பொண்ணு பிரான்சுக்குப் போன நாள்லருந்து ஒரு கடுதாசி வரலியாம். காய்ச்சல்ல செத்துப் பூட்டான்னு ஒரு போன் மட்டும் வந்துச்சாம்."

கட்டைவிரல்கள் எல்லாம் நின்றுவிட்டன. அத்தை முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நனைந்த மல்லாட்டை ஓடு ஒன்று கையில் இருந்தது, அதைப் பொடிப்பொடியாக நொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஐயாகிட்ட சொல்லேன் அஞ்சல" என்றாள் ஒருத்தி.

"கத முடியட்டும். தொரை இன்னாதான் பண்றான்னு பாத்துட்டு ஐயாகிட்ட வாயத் தொறக்கறேன்."

இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கக் கூடாது. நிலத்துக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் கூலிக்காரி வாய் திறப்பது லேசான காரியமில்லை. அவளுக்குக் கையில் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது. விதைமேல் சொல்லும் கதை அந்த வீட்டுக்குச் சகுனம். துரை கெட்டவனாக முடிந்தால் அஞ்சலை பேசியிருப்பாள்.

அன்று மத்தியானம் அத்தை குளிக்கப் போனபோது நான் அகராதியோடு உட்கார்ந்து கடைசிப் பக்கத்தைப் படித்தேன். என் பள்ளிக்கூட ஆங்கிலத்துக்கு ஒரு பக்கத்துக்கே அரை மணி நேரம் பிடித்தது. தங்கை தேடிக்கொண்டு அந்த மாளிகைக்கு வருகிறாள். துரை தலை குனிந்து, காய்ச்சல் என்கிறார். அவர் தண்ணீர் கொண்டுவர எழுந்து போன நேரத்தில் தங்கை இழுப்பறையைத் திறக்கிறாள். அதில் இரண்டு கட்டுகள் இருக்கின்றன.

ஈரத் தலையோடு அத்தை வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

"கடசிப் பக்கத்தப் படிச்சியாடி?"

"இல்ல அத்த" என்றேன். பின்னாலிருந்து படிப்பது அவளுக்குப் பிடிக்காது, திட்டுவாள் என்ற பயம். அவ்வளவு சின்னப் பயம்தான். அவள் என் கையிலிருந்த அகராதியைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டாள்.

அதிலிருந்து நான்காம் நாள் விதை தீர்ந்தது. முறத்தில் ஒரு கை அளவு காய் மிச்சமிருக்கும்போது அத்தை முடிவைச் சொன்னாள். துரை கடிதங்களைத் தன் கையால் எடுத்துக் கொடுத்து அழுதாராம். முதல் மனைவியின் ஞாபகமாக வைத்திருந்தாராம், பிரிய மனமில்லையாம். வெள்ளச்சியின் கடிதங்களைத் தபால்காரன்தான் குடித்துவிட்டுச் சதுப்பில் போட்டுவிட்டானாம். தங்கையும் வந்து சேர்ந்து எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்களாம். கண்ணைப் புத்தகத்தில் வைத்தபடியே, படிப்பது போல, ஒரு தடுமாற்றம் இல்லாமல் சொன்னாள். பெண்கள் பெருமூச்சு விட்டார்கள். "பரவால்ல, தொரை நல்லவன்தான்" என்று சொல்லி முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள் அஞ்சலை. நான் அந்த வட்டத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அது பொய் என்று தெரிந்தவர்கள் அங்கே இரண்டு பேர். அத்தை ஏன் மாற்றினாள் என்று பிறகு எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். விதைக்குக் காது இருப்பதாலா, மூன்று வருஷமாகப் பார்த்துச் சலித்த சுவர்களாலா, அல்லது மழையும் கணப்பும் பெரிய ஜன்னல்களும் உள்ள அந்தக் கதைகளின் தேசத்துக்குப் பக்கத்தில் ஒருமுறையாவது போய்விட வேண்டும் என்ற ஆசையாலா? நான் ஏன் பேசவில்லை என்பதற்கு அத்தனை யோசனை தேவையில்லை. அத்தை பாரிசுக்குப் போனால் எனக்குக் காந்தம் வைத்த பென்சில் பெட்டி வாங்கி அனுப்புவதாகச் சொல்லியிருந்தாள்.

அந்த வருஷம் மல்லாட்டை ஒன்று விடாமல் முளைத்தது. தையில் கல்யாணம், மாசியில் அத்தை விமானம் ஏறினாள்.

முதல் மாதம் ஒரு போன் வந்தது. "நல்லாயிருக்கண்ணே" என்றாள்; கூடவே ஒரு மூச்சுச் சத்தம் கேட்டதாக அப்பா சொன்னார். அடுத்த போன்களில் மாப்பிள்ளை மட்டும் பேசினார். கடிதம் இல்லை. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் நான் வாசலுக்கு ஓடுவேன். கொஞ்ச நாளில் மணி கேட்டால் கொல்லைப்பக்கம் ஓட ஆரம்பித்தேன். அம்மா கேட்டால் அப்பா, "வெளிநாட்டுல வேல ஜாஸ்தி" என்பார். அஞ்சலை எங்கள் வீட்டு வாசலைக் கடக்கும்போது தலை நிமிர்வதில்லை.

நான்காம் வருஷம் ஒரு காலையில், ஒரே ஒரு பையோடு, அத்தை ஆட்டோவிலிருந்து இறங்கினாள். உயிரோடு இருந்தாள். பிறகு ஒரு நாள் அவளே என்னிடம் சொன்னாள்: "வெளிய போனா பூட்டிகினு போவாரு. எழுதற கடுதாசிய வாங்கி வெச்சிக்குவாரு. எங்க தேடணும்னு எனக்குத் தெரியும்டி, அந்த புக்கு சொல்லிக் குடுத்திருந்திச்சே. அலமாரி மேல பெட்டி. தொறந்தா ரெண்டு கட்டு. எனக்குக் காய்ச்சல் வர்றதுக்குள்ள கெளம்பிட்டேன்." கீழ் வீட்டிலிருந்த ஒரு தமிழ்க்காரம்மா உதவியிருக்கிறார். அப்பா அன்று முழுவதும் சாப்பிடவில்லை. அதற்கு மேல் எழுதும்படியாக அவர் ஒன்றும் செய்துவிடவில்லை.

சேதி கேட்டு அஞ்சலை வந்தாள். அத்தை அவளிடம் கதையின் நிஜமான முடிவைச் சொன்னாள். அஞ்சலை தரையைப் பார்த்தபடி, "அன்னிக்கே நெனச்சேன் பாப்பா. கடசி வரிக்கும் அந்த வேலைக்காரிய நீ கேக்கவே இல்லியே" என்றாள்.

இப்போது அந்தக் கொட்டகை இல்லை. அங்கே தம்பியின் கார் நிற்கிறது. மல்லாட்டை போட்ட நிலத்தில் பாதி மனைகளாகிவிட்டது, மீதிக்கு மருந்து கலந்த விதை மூட்டையில் வருகிறது, கதை கேட்காமலே முளைக்கிறது. அஞ்சலை போய்ச் சேர்ந்துவிட்டாள். அத்தை அரியாங்குப்பத்தில் மாடி வீட்டில் டியூஷன் எடுக்கிறாள். அந்தப் பெயரில்லாத நாவலைப் பிள்ளைகளுக்குக் கடைசிப் பக்கம் வரை உள்ளபடியே சொல்கிறாளாம்.

மாறாமல் நடந்துவருவது ஒன்று மட்டும்தான். முதல் தாரத்தின் தாய் இன்னும் உயிரோடிருக்கிறார். மகளின் திதி மார்கழியில் வருகிறது. வருஷா வருஷம் அன்று நானும் அத்தையும் வில்லியனூர்ப் பக்கம் போய், அந்தப் பெட்டியிலிருந்து அத்தை எடுத்துவந்த, மகள் எழுதிய ஏழு கடிதங்களையும் அவருக்குப் படித்துக் காட்டுகிறோம். அவருக்கு எழுத்துத் தெரியாது, இப்போது கண்ணும் தெரியவில்லை. முதல் வருஷமே கடிதக் கட்டை என் மடியில் வைத்துவிட்டாள் அத்தை. "நீ படிடி. நான் படிச்சா மாத்திடுவேன்."

ஆறு கடிதம் முடிந்ததும் அந்த அம்மா ஒவ்வொரு வருஷமும், புதிதாகக் கேட்பது போல, என் கையைத் தொட்டுக் கேட்கிறார்: "கடசியா இன்னா கண்ணு எழுதியிருக்கு? நல்லாயிருக்கேன்னு போட்டிருக்கா?"

"பத்து நாளாகக் காய்ச்சல் அம்மா. டாக்டரிடம் கூட்டிப் போகச் சொன்னால் நாளைக்கு என்கிறார். இந்தக் கடிதம் கிடைத்ததும் யாரையாவது அனுப்பு" என்று, ஒரு சொல்லையும் மாற்றாமல், நான் படிக்கிறேன்.