திட்டச் சொன்ன கோச்

எங்கள் கோச்சை வெளியே அனுப்பியது புற்றுநோய் இல்லை. கிளப்பின் நிர்வாகக் குழுவில் உட்கார்ந்திருக்கும் நீங்கள் அனுப்பினீர்கள். அனுப்பிவிட்டு, அவரே ஓய்வு எடுத்துக்கொண்டதாக ஊருக்குச் சொன்னீர்கள். அது பொய். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. நான் ஏர்கான் என்கிற ஏசி மெஷினைப் பழுது பார்க்கிறவன். ஏணியில் ஏறி மூடியைக் கழற்றி, எங்கே ஒழுகுகிறது என்று பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. ஆனால் உங்களைப் பற்றி எழுத இவ்வளவு தாள் தேவையில்லை. இது அவரைப் பற்றியது. அவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. உங்களிடம் பிறகு வருகிறேன்.

உள்ளூர்க் காற்பந்து ஆட்டத்தைப் பார்க்க நம் ஊரில் ஆள் குறைவு. சோபாவில் சாய்ந்துகொண்டு இங்கிலாந்து அணிகளுக்காக அழுகிறவர்கள்தான் அதிகம். எங்கள் கேலரியில் பாதி இருக்கைகள் காலியாகத்தான் கிடக்கும். அதில் ஒரு வசதி இருக்கிறது. நாம் கத்துவது மைதானத்தில் இருப்பவர் காதில் அப்படியே விழும். பதினொரு வருடமாக நான் எங்கள் அணியின் பெஞ்சுக்கு நேர் பின்னால், நான்காவது வரிசையில் உட்காருகிறேன். கோச்சின் முதுகை அவருடைய மனைவியைவிட நான்தான் அதிக நேரம் பார்த்திருப்பேன். அந்த முதுகைப் பார்த்துத்தான் பதினொரு வருடமும் திட்டினேன். “கோச், கண்ணாடியை மாத்துங்க!” என்பேன். “அவன் ஓடலை கோச், வாக்கிங் போறான்!” என்பேன். களைத்துப்போன ஆட்டக்காரரை மாற்றாமல் வைத்திருந்தால், “அடுத்த ஆளை எப்ப இறக்குவீங்க, தீபாவளிக்கா?” என்பேன். என்ன திட்டினாலும் ‘ங்க’ போட்டுத்தான் திட்டுவேன். அவர் என்னைவிடப் பெரியவர். மரியாதை வேறு, ஆட்டம் வேறு.

அவர் திரும்பிப் பார்க்கமாட்டார். இடது கையை மட்டும் தலைக்கு மேல் தூக்குவார். ‘கேட்டுச்சு, அடுத்ததைச் சொல்’ என்று அதற்கு அர்த்தம். கேலரியில் எல்லோருக்கும் அது தெரியும். கை தூக்கினால் சிரிப்பார்கள், என் பக்கத்தில் இருக்கும் தம்பி உருமியில் இரண்டு இழுப்பு இழுப்பான். இந்தத் தம்பி கப்பல் பட்டறையில் வேலை செய்கிறவன், ஊர் புதுக்கோட்டை. லீவு நாளில் தூங்காமல் உருமியைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறி வருவான். எங்கள் கூட்டத்துக்கு நான் வாய், அவன் மேளம்.

ஒரே ஒரு முறை கோச் திரும்பினார். அன்று எங்கள் இடது பக்கம் ஓட்டையாக இருந்தது. அந்தப் பக்கம் ஆளை மாற்றச் சொல்லி இருபது நிமிடம் கத்தினேன். அவர் திரும்பி, “ஏர்கான், கொஞ்சம் கூல் ஆவு லா!” என்று நம் ஊர் ‘லா’ போட்டுச் சொன்னார். என் சட்டையில் கம்பெனிப் பெயர் எழுதியிருந்ததைப் பார்த்திருக்கிறார். பிறகு ஆளை மாற்றினார். மாறி இறங்கியவர் கோல் போட்டார். ஆட்டம் முடிந்து போகும்போது கேலரியின் தடுப்புக் கம்பி ஓரமாக வந்து, “ஏர்கான், அது உன் கோல்” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து என் பெயர் எல்லோருக்கும் ஏர்கான்தான்.

இதில் நன்றி சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். என் வாயால் நான் மூன்று வேலை இழந்தவன். தங்கை வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் மாமாவிடம் ஒரு வார்த்தை விட்டு, இன்றுவரை அந்த வீட்டுப் படி ஏறவில்லை. நான் வாயைத் திறந்தால் எல்லோரும் மூடச் சொல்வார்கள். மூடச் சொல்லாத ஒரே ஆள் கோச். ஒரு தடவை ஏணியிலிருந்து விழுந்து கால் கட்டோடு வீட்டில் கிடந்தேன். இரண்டு ஆட்டம் போகவில்லை. அவர் உருமித் தம்பியைக் கூப்பிட்டு, “ஏர்கானுக்கு என்ன ஆச்சு? பின்னால சத்தம் இல்லாம எனக்கு ஆட்டமே புரியலை” என்றாராம். தம்பி வந்து சொன்னபோது நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். என்னைத் தேட ஒரு ஆள் இருக்கிறார் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

அவருக்குப் பெருங்குடலில் புற்றுநோய் என்ற செய்தி ஒரு சனிக்கிழமை வந்தது. ஆட்டத்துக்கு முன் லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் பராட்டா சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது எங்கள் வழக்கம். கடைக்காரர் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீயை மேஜையில் வைத்த நேரம், கிளப்பின் செய்தி எல்லோர் போனிலும் ஒன்றாக வந்தது. எங்களோடு வரும் அக்கா ஒருவர், பள்ளிக்கூட கேண்டீனில் கடை வைத்திருப்பவர், எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார். திரும்பி வந்து, “தோ பாயோ கோயில்ல அர்ச்சனைக்குக் கொடுத்துட்டுத்தான் நான் ஆட்டத்துக்கு வருவேன். அவர் நட்சத்திரம் யாருக்காவது தெரியுமா?” என்றார். யாருக்கும் தெரியவில்லை. பதினொரு வருடம் திட்டியிருக்கிறோம், நட்சத்திரம் தெரியவில்லை. அக்கா சாமி பெயருக்கே அர்ச்சனை செய்துவிட்டு வந்தார்.

தம்பி உருமியை உறையில் போட்டுக் கட்டினான். “இன்னைக்கு வேணாம்ணே. உடம்பு முடியாதவரு முன்னாடி இதை அடிச்சா நல்லா இருக்காது. எங்க ஊர்ல இது எங்கெங்க அடிப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா” என்றான். தெரியும். சாமி ஊர்வலத்திலும் அடிப்பார்கள், கடைசி ஊர்வலத்திலும் அடிப்பார்கள். உருமியைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போனோம். நானும் வாயை உறையில் போட்டுக்கொண்டேன். நோயாளி இருக்கும் வீட்டில் சத்தம் போடக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாங்கள். மைதானத்தையே அந்த வீடாக ஆக்கிவிட்டோம். கோச் எந்த ஆளை இறக்கினாலும் கை தட்டினோம். தவறான ஆளை இறக்கினால் இன்னும் பலமாகக் கை தட்டினோம். அதுதான் அன்பு என்று நினைத்தோம். மூன்று ஆட்டம் இப்படிப் போனது. மூன்றிலும் தோற்றோம். எங்கள் ஆட்டக்காரர்கள் அடிக்கடி கேலரியைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே நாங்கள் மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்திருந்தோம்.

மூன்றாவது ஆட்டத்தில், தண்ணீர் குடிக்க நிறுத்திய நேரத்தில், கோச் எழுந்து கம்பிக்கு வந்தார். சட்டை அவருக்கு இரண்டு அளவு பெரிதாகத் தெரிந்தது.

“ஏர்கான், உயிரோட இருக்கியா?” என்றார்.

“இருக்கேன் கோச்.”

“நானும் இருக்கேன். அப்புறம் எதுக்கு எல்லாரும் எழவு வீடு மாதிரி உட்கார்ந்திருக்கீங்க? நீங்க கை தட்டத் தட்ட, பசங்க என்னை ஒரு மாதிரி பாக்கறாங்க. நான் நாளைக்கே போயிடுவேன்னு நெனைக்கிறாங்க. திட்டு லா. திட்டினாதான் நான் இருக்கேன்னு நம்புவாங்க.”

சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். எனக்கு வாய் வரவில்லை. அவர் விடவில்லை. அன்று நன்றாக ஆடிக்கொண்டிருந்த ஒரே ஆளை, வேண்டுமென்றே என்றுதான் சொல்கிறேன், வேண்டுமென்றே வெளியே கூப்பிட்டார். கூப்பிட்டுவிட்டு இடது கையைத் தலைக்கு மேல் தூக்கி அப்படியே வைத்திருந்தார். என்னால் தாங்க முடியவில்லை. “கோச்! கண்ணை எங்க வச்சிருக்கீங்க! அவனை எடுத்துட்டு யாரை வச்சு ஆடப் போறீங்க, என்னையா?” என்று கத்தினேன். கேலரி முழுதும் சிரித்தது. அக்கா அழுதுகொண்டே சிரித்தார். தம்பி உருமி இல்லாமல் பிளாஸ்டிக் இருக்கையில் தாளம் போட்டான். அன்றும் நாங்கள் தோற்றோம். தோற்றுவிட்டுப் பாடிக்கொண்டே ரயில் ஏறினோம். அதற்குப் பிறகு நடந்த ஐந்து ஆட்டத்தில் நாங்கள் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. நான் திட்டியதால் அது நடந்தது என்று சொல்லவில்லை. திட்டினேன், நடந்தது.

அந்த நாட்களில்தான் அவரை ஆட்டத்துக்கு வெளியே முதன்முதலாகப் பார்த்தேன். கிளமெண்டியில் அவர் வீட்டு ஏர்கானில் தண்ணீர் சொட்டியது. தம்பி மூலம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் ஏணியில் நின்று வேலை பார்க்க, அவர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, “என்ன லா பதினொரு வருஷமா எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தே, ஒரு தண்ணி ட்ரே கழட்ட இவ்வளவு நேரமா?” என்று என்னைத் திட்டினார். அவர் மனைவி காப்பி கொண்டுவந்து, “நல்லாக் கேளுங்க” என்றார். அப்போது கோச் தன் கணக்கைச் சொன்னார். திங்கட்கிழமை கீமோ போட்டுக்கொண்டால் சனிக்கிழமைக்குள் எழுந்து நிற்க முடிகிறது. டாக்டரும் சரி என்று சொல்லிவிட்டார். “சீசன் முடியறவரைக்கும் அந்த பெஞ்சுல இருக்கணும். வேற எதுவும் கேட்கலை. அது ஒண்ணுக்காகத்தான் நான் கீமோவுக்கே எழுந்து போறேன்” என்றார். அவர் மனைவி காப்பிக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனார்.

சீசன் முடிய நான்கு ஆட்டம் இருந்தபோது உங்கள் அறிக்கை வந்தது. கோச் தம் உடல்நலத்தைக் கவனித்துக்கொள்ள ஓய்வு எடுத்துக்கொள்கிறார், அவருடைய முடிவை மதிக்கிறோம் என்று எழுதியிருந்தீர்கள். அடுத்த ஆட்டத்துக்கு முன் அவரை மைதானத்தின் நடுவில் நிறுத்தி, கண்ணாடிச் சட்டம் போட்ட ஜெர்சி ஒன்றைக் கொடுத்தீர்கள். நாங்கள் எழுந்து நின்று கை தட்டினோம். அவர் எங்கள் பக்கம் பார்த்தார். என்னைத்தான் பார்த்தார். இடது கையைத் தலைக்கு மேல் தூக்கினார். விடைபெறுகிறார் என்று நினைத்து நான் இன்னும் பலமாகத் தட்டினேன்.

ஒரு மாதம் கழித்து இளநீர் வாங்கிக்கொண்டு நானும் தம்பியும் அவரைப் பார்க்கப் போனோம். “நல்ல முடிவு எடுத்தீங்க கோச், உடம்புதான் முக்கியம்” என்றேன்.

“நீயுமா?” என்றார். “கையில ஊசியோட கீமோ ரூம்ல படுத்திருந்தேன். மகள்தான் போனைக் காட்டினா. நான் ஓய்வு எடுத்துக்கிட்டேன்னு எனக்கே அப்பதான் தெரியும். நாலே நாலு ஆட்டம் லா.”

“அன்னைக்கே மைக்கை வாங்கிச் சொல்லியிருக்கலாமே கோச்” என்றான் தம்பி.

“ஆட்டம் தொடங்கப் போகுது. பசங்க முன்னாடி நான் சண்டை போட முடியுமா? அதான் இவனைப் பார்த்துக் கையைத் தூக்கினேன். இவனாவது கத்துவான்னு பார்த்தேன். கை தட்டினான்.”

அதைக் கேட்டுவிட்டு நான் எப்படி வீடு வந்தேன் என்று எனக்குத் தெரியாது. வாழ்க்கையில் வாயை மூட வேண்டிய இடத்தில் எல்லாம் திறந்தவன், திறக்க வேண்டிய ஒரே இடத்தில் மூடியிருந்தேன். அவர் அதன்பின் ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. அதற்கும் அவருக்கு நன்றி.

இப்போது அவருடைய சிகிச்சை முடிந்திருக்கிறது. ஸ்கேன் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த சீசனில் அவர் எங்களோடு நான்காவது வரிசையில் உட்காருகிறார். அக்கா அவருக்காக ஒரு திண்டு கொண்டுவருகிறார். புதிய கோச் நல்ல மனிதர், அவர்மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. எங்கள் கோச்சுக்குக் குரல் முன்போல் எழுவதில்லை. என் காதில் சொல்வார், நான் கத்துவேன். “பின்னால இடம் விடறான், சொல்லு” என்பார். சொல்வேன். “அப்படி இல்லை லா, ‘ங்க’ போட்டுச் சொல்லு” என்பார். பதினொரு வருடம் நான் அவர் முதுகைப் பார்த்துக் கத்தியதில் பாதி தப்பு என்று இப்போதுதான் தெரிகிறது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பது எனக்குக் கிடைத்த வரம். இதை எழுதட்டுமா என்று அவரிடம் கேட்டேன். “எழுது. அழுது மட்டும் வைக்காதே” என்றார்.

இனி நிர்வாகக் குழுவுக்கு. நீங்கள் கெட்ட எண்ணத்தில் செய்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்மேல் இரக்கப்பட்டிருக்கலாம். நாங்களும் இரக்கப்பட்டு மூன்று ஆட்டம் அவரை உயிரோடு கொன்றோம். ஆனால் அவர் கம்பிக்கு வந்து சொன்னதும் நாங்கள் திருந்தினோம். உங்களிடம் வந்து சொல்ல அவருக்கு ஒரு வாய்ப்புகூட நீங்கள் தரவில்லை. அடுத்த மாதம் உறுப்பினர் கூட்டம் வருகிறது. சந்தா கட்டிய உறுப்பினராக நான் கேட்பேன். அந்த அறிக்கையை வெளியிடும் முன், ஓய்வு வேண்டுமா என்று கோச்சை நீங்கள் கேட்டீர்களா? கேட்டிருந்தால் உங்களில் யார் கேட்டார், அவர் என்ன பதில் சொன்னார்? கேட்கவில்லை என்றால், கேட்கவில்லை என்று சொல்லுங்கள். இன்னொரு அறிக்கை வேண்டாம். அவரை முன் வரிசையில் உட்காரவைக்கிறோம். உங்களில் ஒருவர் எழுந்து, மைக்கைப் பிடித்து, எல்லோர் முன்னிலையிலும் அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்.