வேப்பமரத்தடியில் பாடிய அண்ணன்

அந்தப் படத்தின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் எங்கள் சொந்தத்தில் இன்றைக்கும் இரண்டு கட்சி பிரிந்து நிற்கும். யுத்தம் முடிந்தும் சீனிக்கு ரேஷன் தீராத காலத்தில், தூத்துக்குடித் தகரக் கொட்டகைக்கு வந்த படம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தாத்தா, மகன்கள், பேரப்பிள்ளைகள் என்று மூன்று தலைமுறைக் கதை. கப்பல் வியாபாரக் குடும்பம். பிறந்தால் ஒரு பாட்டு, செத்தால் ஒரு பாட்டு, சொத்தைப் பிரித்தால் அதற்கும் ஒரு பாட்டு.

ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. பார்த்தவர்கள் அபிப்பிராயம் சொன்னார்கள். பார்க்காதவர்கள் இன்னும் அடித்துச் சொன்னார்கள். படத்தில் அந்த வீட்டு மூத்த மருமகள் நெல்லிக்காய் பருமனில் முத்துமாலை போட்டுக்கொண்டு வந்தபோது பெண்கள் பக்கத்தில் ஒரே சிரிப்பு. முத்துக்குளிக்கிற கடற்கரையில் வந்து கண்ணாடி உருண்டையைக் காட்டினால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? "இம்புட்டு பெரிய முத்துன்னா சிப்பி சோத்துப்பானை அளவுல்லா இருந்திருக்கணும்" என்றாள் ஒருத்தி. என் அம்மாவுக்கு வேறு கோபம். தாத்தாவாகவும் பேரனாகவும் ஒரே நடிகர். "ஏளா, செத்துட்டாருன்னு நான் மூக்கைச் சிந்தி அழுதுக்கிட்டு இருக்கேன், அந்த மனுசன் மீசையை எடுத்துட்டு வந்து டூயட் பாடுதாரே, வெக்கமா இல்ல?" என்று என்னைக் கேட்டாள், என்னமோ நான்தான் அவருக்கு மீசையைச் சிரைத்துவிட்ட மாதிரி.

எங்களுக்குக் கருப்பட்டிக் கடை. கடை என்றா சொன்னேன்? கடைகள். தாத்தா காலத்தில் ஒன்றாக இருந்ததை அப்பாவும் பெரியப்பாவும் நடுவில் பலகை அடித்து இரண்டாக்கிவிட்டார்கள். எல்லாவற்றையும் சரிபாதியாகப் பிரித்தவர்கள் தாத்தாவின் தராசில் வந்து முட்டிக்கொண்டார்கள். கடைசியில் தராசுக் கோலைப் பெரியப்பா எடுத்துக்கொண்டார், தட்டுகளை அப்பா எடுத்துக்கொண்டார். அப்புறம் இரண்டு பேரும் கடைத்தெருவுக்குப் போய் ஆளுக்கொரு புதுத் தராசு வாங்கினார்கள். அன்றைக்கு நின்ற பேச்சுதான். நான் சட்டை போட்டுத் திரிந்த வயதில் நின்றது, தாவணி போட்ட பிறகும் தொடங்கவில்லை.

பேசவில்லை என்றால் சும்மா இருந்தார்கள் என்று அர்த்தம் இல்லை. ஜாடையாகப் பேசிக்கொண்டார்கள். அப்பா பூனையைத் திட்டினால் அது பெரியப்பாவுக்கு. பெரியப்பா வண்டிமாட்டை ஏசினால் அது அப்பாவுக்கு. நடுவில் இருந்தது வெறும் பலகை, மூச்சு விட்டாலே கேட்கும். ஆனால் பூனையையும் மாட்டையும் வைத்துக்கொண்டு எவ்வளவு காலம்தான் சண்டை போட முடியும்? பாவம், இருவருக்கும் சரக்குத் தீர்ந்துபோயிருந்த நேரத்தில்தான் அந்தப் படம் வந்தது.

படத்திலும் ஒரு அண்ணன், ஒரு தம்பி. குடும்பம் பிரிந்து பேச்சு நின்றுபோகிறது. தம்பி மகளுக்குக் கல்யாணம் வருகிறது. தம்பி அண்ணனை அழைக்கவில்லை. அண்ணன் மனசு கேட்காமல் வந்து, வாசலுக்கு எதிரே வேப்பமரத்தடியில் நின்று, உள்ளே தாலி கட்டுகிற நேரத்தில் ஒரு முழு நீளப் பாட்டைப் பாடி, பாட்டு முடிந்ததும் அங்கேயே விழுந்து செத்துப் போகிறான். உள்ளே கெட்டிமேளம், வெளியே பிணம். கொட்டகையில் அழாதவர்கள் இல்லை. பெரியம்மா என் தாவணி முந்தியில் மூக்கைத் துடைத்தாள். ஆமாம், நாங்கள் இரண்டு வீட்டுப் பெண்களும் ஒன்றாகத்தான் படத்துக்குப் போனோம். பின்கட்டில் கிணறு பொதுவில் இருந்தது. பெண்கள் எந்தக் காலத்திலும் பேச்சை நிறுத்தவில்லை. ஆண்களுக்குத் தெரியுமா என்றால், தெரியாத மாதிரி இருக்கத் தெரியும்.

மறுநாளே கடையில் ஆரம்பித்துவிட்டது. "கூப்பிடாத வீட்டுக்கு மானமுள்ளவன் எப்படிப் போவான்? தம்பிக்காரன்தான் மகா பாவி" என்று பெரியப்பா யாரோ ஒரு வாடிக்கைக்காரரிடம் சொன்னார். "சொந்தத் தம்பி மகளுக்குக் கல்யாணம், பாக்கு வெத்தலை வச்சு அழைக்கணுமாக்கும்! அண்ணன் அண்ணனா நடந்தாத்தானே" என்று அப்பா தன் பக்கத்து ஆளிடம் பதில் சொன்னார்.

ஊரார் லேசுப்பட்டவர்களா? தம்பியைப் புகழ்ந்தால் அப்பா கையில் ஒரு சில்லு கருப்பட்டி வைக்கிறார், அண்ணனைப் புகழ்ந்தால் பெரியப்பா வைக்கிறார் என்பது ஒரே வாரத்தில் தெரிந்துபோயிற்று. சீனி கிடைக்காத காலம், ஒரு சில்லு இருந்தால் ஒரு வேளைக் காப்பி ஓடும். இலங்கைக்குத் தோணி ஓட்டும் தண்டல் ஒருவர் இருந்தார். அவருக்குப் படத்தில் உண்மையான வருத்தம் ஒன்றே ஒன்றுதான். "மாதா சத்தியமாச் சொல்லுதேன், காத்து இங்கன இருந்து வீசுது, பாய் அங்கன பாத்து உப்புது. அந்தக் கப்பல் ஒரு நாளும் கொழும்பு போய்ச் சேராது." ஆனால் எங்கள் பக்கம் வந்தால் தம்பிக்காக மார் தட்டுவார். சில்லை மடியில் கட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போய் அண்ணனுக்காகக் கண்ணீர் விடுவார். இரண்டு பேருக்கும் அது கேட்கும், ஆனாலும் கொடுப்பார்கள்.

இந்த லட்சணத்தில் எனக்கு மாப்பிள்ளை அமைந்தது. ஆறுமுகநேரியில் உப்பளம் வைத்திருக்கும் குடும்பம். பெண் பார்க்க வந்தபோது நானும் கதவிடுக்கில் நன்றாகப் பார்த்துவிட்டேன். காது கொஞ்சம் பெரிசு, அது கிடக்கட்டும். எங்கள் வீட்டுப் பூனை மடியில் ஏறியபோது அதைத் தள்ளாமல் தடவிக் கொடுத்தார். அந்தப் பூனை பிறந்ததிலிருந்து ஏச்சு மட்டுமே கேட்டது. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

மாப்பிள்ளையின் அப்பா ஒரு நிபந்தனை போட்டார். "குடும்பத்துல மூத்தவர் கையால தாலி எடுத்துக் குடுக்கணும். அண்ணன் தம்பி மூஞ்சி பாக்காத வீட்டுல பொண்ணெடுத்தா, நாளைக்கு எம் பிள்ளையளுக்கும் அந்தச் சீக்கு தொத்தும். தை பொறக்கதுக்குள்ள சொல்லிருங்க, இல்லன்னா நாங்க வேற எடம் பாத்துக்கிடுதோம்."

"வாய் தெறந்து கூப்பிடட்டும், வாரேன்" என்று பெரியம்மா மூலம் சொல்லி அனுப்பினார் பெரியப்பா. "அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு அவரையே கூப்பிடணுமா? வரட்டும்" என்றார் அப்பா. கார்த்திகை போயிற்று, மார்கழியும் பாதி போயிற்று. எனக்குக் கல்யாணம் நடக்குமா என்பதே தெரியாத நிலைமையில், பலகைக்கு இரண்டு பக்கமும் அந்தப் படத்து அண்ணனையும் தம்பியையும் போட்டு அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்த அப்பா, ரசத்தை ஊற்றச் சொல்லிவிட்டு மறுபடியும் தம்பி புராணத்தை எடுத்தார். நான் ரசச் சட்டியை டக்கென்று கீழே வைத்தேன்.

"அப்பா, எனக்குக் கல்யாணம் வேண்டாம். மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லி அனுப்பிருங்க. நீங்க உள்ள இருந்து வீம்பு பிடிங்க, பெரியப்பா வேப்பமரத்தடியில நின்னு பாடட்டும். எனக்கு எதுக்குத் தாலி? தெனமும் ஒரு டிக்கெட்டு மட்டும் வாங்கிக் குடுங்க, அது போதும்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா அதற்கப்புறம் ரசம் கேட்கவே இல்லை. வெறும் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். எனக்கு அழுகை வந்தது. இருந்தாலும் சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில் கடைக்குப் பின்னால் சரக்கு வைக்கும் கிட்டங்கியில் கருப்பட்டிச் சிப்பங்களை எண்ணுகிற சாக்கில் நின்றுகொண்டிருந்தேன். தண்டல் வந்தார். அப்பா பலகையைப் பார்த்தபடி, தேவைக்கு அதிகமான சத்தத்தில் பேசினார்.

"தண்டலு, நான் யோசிச்சுப் பாத்தேன். அந்தத் தம்பி செஞ்சது தப்புதான்."

தண்டல் மிரண்டுவிட்டார். "என்ன அண்ணாச்சி, நேத்து வரைக்கும் அவன் தங்கக்கம்பின்னு சொன்னிய?"

"நேத்து சொன்னது நேத்தோட போச்சு. நான் அந்தத் தம்பியா இருந்தா, மொத வேலையா அண்ணன் வாசலுக்குப் போயி, 'உங்க கையாலதான் எம் மகளுக்குத் தாலி எடுத்துக் குடுக்கணும்'னு சொல்லிருப்பேன். தை மாசம் ரெண்டாவது வெள்ளிக்கிழமைன்னு தேதியும் சொல்லிருப்பேன்."

"நான் ரெண்டு தடவை பாத்துட்டேன் அண்ணாச்சி. படத்துல தேதி ஏதும் சொல்லலியே?"

"சொன்னான், சொன்னான். நீ கப்பல் பாயைப் பாத்துக்கிட்டு இருந்திருப்ப."

பலகைக்கு அந்தப் பக்கம் தராசுத் தட்டு 'ணங்' என்று விழுந்தது. தண்டலுக்கு அப்போதுதான் விளங்கியது. சில்லைக்கூட வாங்காமல் அந்தப் பக்கம் ஓடினார். அவர் வாயைத் திறப்பதற்குள் பெரியப்பாவின் குரல் கேட்டது.

"கேட்டுது, கேட்டுது. நான் என்ன செவிடனா? தண்டலு, நான் அந்த அண்ணனா இருந்தா மரத்தடியில நிப்பேனாக்கும்? வெள்ளன எந்திரிச்சுப் போயி, முன்னால உக்காந்து, பந்தல ஒழுங்காப் போட்டிருக்கானான்னு பாத்திருப்பேன்."

நான் சிப்பத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தை இரண்டாவது வெள்ளிக்கிழமை பெரியப்பா சொன்னபடி வந்தார். விடிவதற்கு முன்னாலேயே வந்து, பந்தல்காரனை ஏசி, இரண்டு கால்களைப் பிடுங்கி மறுபடி நடவைத்து, முன் வரிசையில் உட்கார்ந்தார். அப்பாவும் அவரும் மணவறைக்குப் பக்கத்தில் தோளோடு தோள் இடிக்க நின்றார்கள், முகம் மட்டும் ஆளுக்கொரு திசையில். பெரியப்பா தாலியை எடுத்துக் கொடுத்தார். மாப்பிள்ளை கட்டினார். மேளம் அடங்கியதும் அப்பா பந்தல்காலைப் பார்த்துச் சொன்னார்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. படத்தைவிட நல்லாத்தான் இருக்கு."

பெரியப்பா பந்தல்காலைப் பார்க்கவில்லை. திரும்பி, அப்பாவை நேருக்கு நேராகப் பார்த்தார்.

"ஏலே, பாட்டு ஒண்ணுதாம்ல கொறையுது."

நான் தலையைக் குனிந்திருக்க வேண்டிய நேரம். நிமிர்ந்துவிட்டேன். அப்பாவின் உதடு கோணியது. இத்தனை வருஷம் பூனையிடமும் தண்டலிடமும் தாராளமாகப் பேசிய மனுஷர் அண்ணன் பக்கம் திரும்பினார். பெரியப்பாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"பாடிராதிய அண்ணே" என்றார்.