தண்ணீர் போக ஒரு வழி

போன மாதம் தங்கை வீட்டில் மலசலகூடத்துக்குப் புதுக் குழி வெட்டினார்கள். மேலே, நிலத்தை நிரப்பப் போட்ட சிவப்புக் கிறவல் மண். அது முடிந்ததும் மண்வெட்டியில் கறுப்புக் களி வந்தது, கூடவே தண்ணீர் கட்டி உழுத வயலின் வாசமும். குழியோரம் நின்று மூச்சை இழுத்துக்கொண்டிருந்தேன். "மலசலகூடக் குழிய மோந்து பாக்கிற ஆள இப்பதான் காக்கா காணுறன்" என்று தங்கை சிரித்தாள். எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்த இடம் முன்பு எங்கள் வயல். வாப்பா அந்தக் கண்டத்துக்கு, அந்த வயல்வெளி முழுவதற்கும், வட்டானை; யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்று பார்ப்பவர். சாரத்தில் களி இல்லாமல் அவரைப் பெருநாள் தொழுகையில்தான் காணலாம். நானோ வரம்பில் நான்கு எட்டு வைத்தால் விழுவேன். அதனால்தான் எனக்கு அரசாங்க உத்தியோகம் கிடைத்தது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

தங்கைக்கென்று கடற்கரையில் கட்டிய வீட்டைச் சுனாமி கொண்டுபோனது. கடலுக்குக் கிட்டத் திரும்பக் கட்டக் கூடாது என்றார்கள். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு இருந்தால்தான் கலியாணம். மாப்பிள்ளை பெட்டியோடு வந்து அங்கேயே குடியிருப்பார். வீடில்லாமல் அவர் எங்கே வருவது? பேசி வைத்த கலியாணம், வீடிழந்தவர்களுக்குப் போட்ட தகரக் கொட்டிலுக்குள் வருடக் கணக்காகக் காத்துக் கிடந்தது. மழை பெய்தால் தகரச் சத்தத்தில் அழலாம், யாருக்கும் கேட்காது என்று தங்கை உம்மாவிடம் சொன்னாளாம்.

நாட்டில் சண்டை முடிந்த வருடம் பள்ளிவாசல் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். வயலைக் குடியிருப்புக் காணியாக மாற்றித் தரச் சொல்லி மனுக் கொடுப்பதா, வேண்டாமா? உத்தியோகத்தன் என்று என்னையும் முன்வரிசையில் இருத்தினார்கள். எனக்கு முத்திரை குத்த மட்டும்தான் தெரியும்.

தெருவோரம் கடை கட்ட வயலுக்கு மண் போட்டு நிரப்பியதில் தண்ணீர் வடிச்சல் கெட்டு, விளைச்சல் ஏற்கெனவே பாதியாகியிருந்தது. "விளையாத வயலக் கட்டிப் புடிச்சிட்டு, கொமருப் புள்ளைகள எங்க வெக்கிற?" என்றார் கடைக்கார மச்சான் ஒருவர்.

"எல்லாரும் மண்ணப் போட்டா சோத்துக்கு எங்க போற?" என்றார் வாப்பா.

"என்ட கடைக்கு வாங்க."

மண்டபமே சிரித்தது. வாப்பா சிரிக்கவில்லை.

வாசலோரம், பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பிலிருந்து வந்த கணபதியண்ணன் இருந்தார். அவர் வயல் எங்களுக்கு மேலே. மாரித் தண்ணீர் எங்கள் வயல்களால்தான் வடிந்து போகும். நாங்கள் மண் போட்டால் அவர் வயல் குளம்தான். எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள்.

"எனக்கும் ரெண்டு பொம்புளப் புள்ளையள்" என்றார். "எங்கடயிலயும் வீடு குடுத்துத்தான் கட்டிக் குடுக்கிற. வேணாமெண்டு எந்த வாயால சொல்ற? என்ட தண்ணி போக மட்டும் ஒரு வழி விடுங்க."

"வாய்க்கால் விடுவம் கணவதி. நான் பொறுப்பு" என்றார் வாப்பா. அதுவரை எதிர்த்துப் பேசியவர், தலையைக் குனிந்தபடி கையை உயர்த்தினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. தங்கைக்கு வீடு வரப்போகிற சந்தோஷமா, வயல் போகிற துக்கமா என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை.

வீடு எழும்பியது. மாப்பிள்ளை பெட்டியோடு வந்தார். வாப்பா தன் காணியில் வாய்க்காலுக்குத் தாராளமாக இடம் விட்டார். கீழே இருந்தவர்களிலோ ஒருவர் வாய்க்காலுக்குள் தள்ளி மதில் கட்டினார், ஒருவர் மோட்டார் சைக்கிள் நிறுத்தக் கொட்டில் போட்டார். கெட்டவர்கள் இல்லை, ஒரு முழம்தானே என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். வாப்பா வீடு வீடாகப் போய்க் கதைத்தார். எல்லா வீட்டிலும் தேத்தண்ணி கொடுத்து மரியாதையாக அனுப்பி வைத்தார்கள்.

நெல் வேளாண்மை வெட்டி முடிந்தால் கணபதியண்ணன் எங்களுக்குப் புது அரிசி கொண்டுவருவது வழக்கம். வெள்ளம் நின்று பயிர் அழுகிய அந்த வருடமும் பையோடு வந்தார். கையில் அள்ளிப் பார்த்ததும் உம்மாவின் முகம் மாறியது.

"கடையிலதான் வாங்கின, வட்டானை" என்றார் கணபதியண்ணன். "வெறுங்கையோட எப்பிடி வாற?"

வாப்பா எழும்பிப் பையை வாங்கிக்கொண்டார். பிறகு உம்மாவிடம், "புது அரிசிக்கு ஆக்கிற மாதிரியே பால்சோறு ஆக்கு" என்றார். எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டோம்.

அடுத்த மாரிக்கு முன் கணபதியண்ணனும் தன் வயலுக்கு மண் போட்டுவிட்டார். அந்தக் கண்டத்தின் பேரில் நாங்கள் தின்ற கடைசிச் சோறு, அந்தக் கடை அரிசிதான்.