மிஸ்டர் ஹார்வுட்டின் அப்பாச்சி

ஒன்டாரியோவில், டோர்செட் பார்க்கில் நாங்கள் இருந்த கட்டடத்தின் பதினோராம் மாடியில், எங்கள் கதவுக்கு நேரெதிர்க் கதவு மிஸ்டர் ஹார்வுட்டுடையது. எண்பதைத் தாண்டியவர். தெருத் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ட்ரீட்கார் ஓட்டி ஓய்வு பெற்றவர். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, இங்கிலாந்தின் ஒரு சின்னக் கிராமத்துத் தேவாலயத்திலிருந்து அவருக்குத் தடித்த உறை ஒன்று வந்தது. அந்த ஊரில் அடக்கம் செய்யப்பட்டவர்களின் பெயர்ப்பட்டியல். அவருக்குக் கண் மங்கிவிட்டதால், சனிக்கிழமைகளில் நான் வந்து வாசித்துக் காட்ட முடியுமா என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா சம்மதித்தார், துணைக்குப் பெரியம்மாவையும் அனுப்பினார்.

பெரியம்மா அம்மாவின் அக்கா. ஊரிலிருந்து தனியாக வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆங்கிலம் எழுத்துக் கூட்டி வாசிப்பார், பேசமாட்டார். மிஸ்டர் ஹார்வுட் வீட்டு சோபாவின் நுனியில், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல உட்கார்ந்திருப்பார்.

மிஸ்டர் ஹார்வுட் தேடியது தன் அப்பாச்சியை, அப்பாவின் அம்மாவை. அவருடைய அப்பாவை ஏழு வயதில் அந்த ஊரிலிருந்து கப்பலேற்றி, ஒன்டாரியோவில் ஒரு பண்ணைக்கு வேலைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் ஏழைப் பிள்ளைகளை அப்படி அனுப்புவார்களாம். "என் அம்மா என்னை வேண்டாமென்று அனுப்பிவிட்டாள்" என்பதற்கு மேல் அந்த அப்பா சாகும்வரை ஒன்றும் சொல்லவில்லையாம். அவர் விட்டுப்போன ஒரு கடதாசியில் கப்பல் புறப்பட்ட திகதியோடு, தாயின் பெயர் மேரி என்றும், வீடு மில் தெருவில் என்றும் இருந்தது. அவ்வளவுதான்.

பட்டியல் குடும்பப் பெயர் வரிசையில் இருந்தது. எச் எழுத்துக்குள் இரண்டு சனிக்கிழமை புகுந்து தேடினேன். ஹாரிஸ் இருந்தார்கள், ஹார்ட் இருந்தார்கள். ஹார்வுட் ஒருவர்கூட இல்லை. மூன்றாம் சனிக்கிழமை அவர் தாள்களை உறைக்குள் திரும்பவும் வைக்கத் தொடங்கினார். அவள் வேறு ஊருக்கு, வேறு ஆளோடு போயிருப்பாள் என்றார். நான் அதைத் தமிழில் சொன்னதும் பெரியம்மா எழுந்து மேசைக்கு வந்தார்.

"பிள்ளை, இவற்ற தகப்பன் தன்ர பேரை எப்பிடிச் சொல்லுவாராம்? கேள்."

கேட்டேன். கிழவர் முதன்முதலாகச் சிரித்தார். அப்பாவுக்குக் கடைசிவரை ஊர்ப் பேச்சு போகவில்லையாம். 'ஆர்வுட்' என்று சொல்லிக் காட்டினார்.

"அப்ப எச் எழுத்தில தேடிப் பிரயோசனமில்லை. எழுதினவன் தன்ர காதில விழுந்ததைத்தான் எழுதியிருப்பான். ஏ எழுத்தைப் பாப்பம்."

தாள்களை வாங்கி விரலை வைத்தார். வகுப்பில் வேகமாக வாசிப்பவள் என்று பெயர் வாங்கியிருந்த என் கண்ணால் அந்த விரலைப் பிடிக்க முடியவில்லை. வேண்டாத பெயர்களை அவர் வாசிக்கவேயில்லை, தாண்டிக்கொண்டு போனார். அப்படிப் பட்டியல் பார்க்கும் ஒருவரைப் பிறகு நான் படித்த பல்கலைக்கழகத்திலும் கண்டதில்லை.

நாலாம் தாளில் விரல் நின்றது. ஆர்வுட், மேரி. மில் தெரு. வயது இருபத்தொன்பது. அடக்கம் செய்த திகதியை நான் வாசித்தேன். மிஸ்டர் ஹார்வுட் அப்பாவின் கடதாசியை எடுத்துக் கப்பல் புறப்பட்ட திகதியைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவில் ஐந்து மாதம்.

"மனுசி அனுப்பேல்லை. அதுக்கு முதலே செத்துப்போனா எண்டு சொல்லு. வடிவா விளங்கச் சொல்லு."

கிழவருக்கு ஏற்கெனவே விளங்கியிருந்தது. ஆனாலும் நான் சொன்னபோதுதான் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். பெரிய ஆம்பிளை அழுவதை நான் அதுவரை கண்டதில்லை. பிஸ்கட் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியம்மா அவருடைய கையை மெல்ல எடுத்து, விரலை அந்தப் பெயரின்மேல் வைத்து, கொஞ்சநேரம் அப்படியே பிடித்திருந்தார்.

புறப்படும்போது மிஸ்டர் ஹார்வுட், உன் பெரியம்மா இதை எங்கே கற்றார் என்று கேட்டார்.

"வவுனியாவில படிச்சனான் எண்டு சொல்லு."

சொன்னேன். அது மிக நல்ல பல்கலைக்கழகமாக இருக்கவேண்டும் என்றார். அதையும் நான் மொழிபெயர்த்தேன். பெரியம்மா சிரித்து, "ஓம்" என்றார்.

வெளியே வந்ததும், "குடுத்து வைச்ச மனுசன்" என்றார். எனக்குக் குழப்பமாக இருந்தது. கண் தெரியாமல், தனியாக இருக்கிற கிழவர். என்ன கொடுத்து வைத்தார்? திங்கட்கிழமை வகுப்பில், என் பெரியம்மா வவுனியாப் பல்கலைக்கழகத்தில் பெயர்கள் பற்றிப் படித்தவர் என்று பெருமையடித்தேன்.

எனக்கு இருபது வயதான பிறகுதான் அம்மா சொன்னார். சண்டை முடிந்த வருடம் வவுனியாவில் முகாம் வாசல்களிலும் ஆஸ்பத்திரிச் சுவர்களிலும் பட்டியல்கள் ஒட்டியிருந்தார்களாம். தமிழ் தெரியாதவர்கள் காதால் கேட்டு ஆங்கிலத்தில் எழுதியவை. காணாமல்போன பெரியப்பாவின் பெயரை எந்தெந்த ஆங்கில எழுத்தில் தொடங்கி எழுதலாம் என்று பெரியம்மா அங்கேதான் படித்தார். ஏழு மாதம், ஒருநாள் விடாமல் போய் வாசித்தாராம். உயிரோடிருப்பவர்களின் தாளிலும் இல்லை, இறந்தவர்களின் தாளிலும் இல்லை.