டோன் இருக்கிறது

மேகலாவால் ஓரிடத்தில் உட்கார முடியாது. லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் எந்த வீட்டுக் குழாய் சொட்டினாலும் முதலில் கேட்பது அவள் காதுக்குத்தான். அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீஸர். தன் மேஜைக் கோப்புகளை முடித்த கையோடு பக்கத்து மேஜையில் தூங்கும் கோப்பையும் எழுப்பிவிட்டுத்தான் வருவாள். கணவர் போர்ட் பிளேருக்கு மாற்றலாகிப் போனபோது, "இனி அவர் கொஞ்சம் நிம்மதியாகச் சாப்பிடுவார்" என்று ஆபீஸில் சிரித்துக்கொண்டார்கள். அவள் காதுபடவே சொன்னார்கள். அவளுக்கு அதைக் கேட்டுக் கோபப்படக்கூட நேரமில்லை.

அப்படிப்பட்டவள் வீட்டுக் கூடத்தில் லேண்ட்லைன் போன் ஒன்றை வைத்துக்கொண்டு தினம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ம்மா, இப்ப யாரு இதெல்லாம் வச்சிருக்காங்க? கட் பண்ணிடலாம்மா" என்பான் மகன் நிகில். குருகிராமில் வேலை. வார இறுதிக்கு வந்தால் அழுக்குத் துணியோடு இந்தப் பேச்சையும் கொண்டுவருவான்.

"நீ உன் வேலையப் பாரு" என்பாள் மேகலா.

காரணம் அவனுக்கும் தெரியும். விருதுநகரில் இருக்கும் அவன் மாமா, மேகலாவின் அண்ணன் ராஜசேகரன்தான் காரணம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வருஷக்கணக்கில் எஸ்.டி.டி. பூத் நடத்தியவர். தங்கை டெல்லிக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டுப் போனதிலிருந்து, பூத்தைத் திறந்ததும் முதல் கால் அவளுக்குத்தான். அப்புறம்தான் வாடிக்கையாளர். இப்போது அவருக்கு ஞாபகம் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருக்கிறது. பெற்ற மகள் பெயர் போய்விட்டது, தெரு போய்விட்டது, சாப்பிட்டோமா என்பது போய்விட்டது. ஆனால் காலையில் போனுக்கு முன்னால் உட்கார்ந்தால் விரல்கள் தாமாகவே தங்கையின் டெல்லி எண்ணை அழுத்திவிடும். எண்ணைச் சொல்லச் சொன்னால் அவருக்குச் சொல்லத் தெரியாது.

இதில் ஒரு விசித்திரம் இருந்தது. அவராக அழைத்தால்தான் எதிரே பேசுவது தங்கை என்று அவருக்குத் தெரியும். மேகலா தன் செல்லிலிருந்து அழைத்து, அண்ணன் மனைவி சாந்தகுமாரி ரிசீவரை அவர் காதில் வைத்தால், கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். "யாரோ ஏதோ கேக்குறாங்க. நீயே பேசு" என்பார். அண்ணன் அழைத்தால் அவள் மேகலா. மேகலா அழைத்தால் அவள் யாரோ. அதனால் அந்த எண் போனால் அண்ணன் போனார், அவ்வளவுதான். அது மேகலாவுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

அதற்காக அவள் அந்த அழைப்பை உட்கார்ந்து அனுபவித்தாள் என்று நினைத்துவிட வேண்டாம். அண்ணன் அழைக்கும் நேரம் அவள் ஆபீஸுக்குப் புடவை கட்டும் நேரம். தோளுக்கும் காதுக்கும் நடுவே ரிசீவரை இடுக்கிக்கொண்டு, வாயில் சேஃப்டி பின்னைக் கடித்தபடி பேசுவாள்.

"ஏத்தா மேகலா, அப்பா இன்னும் மில்லுலருந்து வரலையே."

"அப்பா காலமாகி எத்தனை வருஷமாச்சுண்ணே. நல்லா யோசிச்சுப் பாருங்க. யாரு கொள்ளி வச்சா? நீங்கதான வச்சீங்க?"

பிறகு, "அப்பா செத்துட்டாகளா?" என்று ஒரு குரல் வரும். அப்போதுதான் செய்தி கேட்டவர் குரல். அழுவார். அப்புறம் ஆபீஸ் போகும் வழியில் மேகலா பஸ்ஸில் நின்றபடி தானும் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். ஆனாலும் மறுநாள் விடமாட்டாள். ஆடிப்போன பிளக்கை அழுத்திச் செருகினால் பல்பு எரிவதுபோல, உண்மையை அழுத்திச் சொன்னால் அண்ணனுக்கு எல்லாம் திரும்பிவிடும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை.

அந்தக் கோடையில் குரங்குகள் வந்தன. மாடிப்படிச் சுவரில் இருந்த டெலிபோன் பெட்டியைப் பிய்த்து, ஒயரை இழுத்துப் போட்டுவிட்டு, யார் வீட்டு ஊறுகாய் ஜாடியையோ தூக்கிக்கொண்டு போயின. பெட்டியைச் சரிசெய்ய லைன்மேன் வந்தான். தொங்கிய ஒயர்களையெல்லாம் முறுக்கிக் கட்டிவிட்டு, ஒவ்வொரு வீட்டுப் போனையும் எடுத்துப் பார்த்துவிட்டுப் போனான்.

மறுநாள் அண்ணன் அழைக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

மேகலா ரிசீவரை எடுத்துப் பார்த்தாள். டோன் இருந்தது. வெளியே அழைத்தால் போகிறது. ஒரு நாள் மணியும் அடித்தது, ஆனால் எடுத்தால் எவரோ ஒருவர், "சந்திரமௌலி சாப் ஹை?" என்று வேறு யாரையோ கேட்டார்.

"ராங் நம்பர்!" என்று வைத்தாள். இன்னொரு நாள் வேறொருவர் அதே சந்திரமௌலியைக் கேட்டார். அண்ணன் அழைக்கிற நேரத்தில் லைனை அடைக்கிறார்களே என்று அவருக்கு இந்தியில் நல்ல டோஸ் கிடைத்தது.

பிறகு ஆரம்பித்தாள். சுவரில் இருந்த சாக்கெட்டைக் கழற்றித் துடைத்தாள். ஒயரை மாற்றினாள். சரோஜினி நகர் மார்க்கெட்டில் தேடிப்பிடித்துப் புதுப் போனே வாங்கிவந்தாள். உள்ளூர் கால் வருகிறது, வெளியூர் கால் மட்டும் எங்கோ மாட்டிக்கொள்கிறது என்று தானாகவே ஒரு முடிவுக்கு வந்து புகார் கொடுத்தாள். லைன்மேன் வந்து ரிசீவரைக் காதில் வைத்தான்.

"டோன் தோ ஹை, மேடம்."

"டோன் இருக்கு பையா, கால் வரலையே!" என்று இந்தியில் கத்தினாள்.

அவன் அவள் போனிலிருந்து தன் செல்லுக்கு அடித்துக் காட்டினான். செல் சமர்த்தாக அடித்தது. அதில் வந்த எண் எது என்று அவனும் பார்க்கவில்லை, ஊர்க் குற்றமெல்லாம் கண்டுபிடிக்கிற மேகலாவும் பார்க்கவில்லை.

"ஜல்தி மத் கீஜியே, மேடம். ஆ ஜாயேகா" என்று, அவசரம் வேண்டாம், கால் தானாக வந்துவிடும் என ஆறுதல் சொல்லிவிட்டுப் போனான்.

நிகில்தான் நேராகக் கேட்டான். "அத்தைக்கு ஒரு போன் போட்டுக் கேட்டா முடிஞ்சது. ஏம்மா இப்படிச் சுத்துற?"

மேகலா சமையலறைக்குள் போய், துலக்கிய பாத்திரத்தையே மறுபடி துலக்கினாள். மதினியைக் கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது. "அவுக இப்ப போன் பக்கமே போறதில்ல மேகலா" என்று பதில் வந்தால்? ஒயர் என்றால் மாற்றலாம், போன் என்றால் வாங்கலாம். அண்ணன் விரலிலிருந்தும் அவள் போய்விட்டாள் என்றால் யாரிடம் புகார் கொடுப்பது? ரோகம் எது என்று தெரியாதவரை வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கலாம் அல்லவா.

ஆபீஸில் கோப்பில் கையெழுத்து தப்பான இடத்தில் விழுந்தது. பஸ்ஸில் இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, இதற்கு மேல் தாங்காது என்று மதினிக்கு அடித்தே விட்டாள். "அண்ணே எப்படியிருக்காக?" என்ற கேள்வி பாதியில் உடைந்தது.

சாந்தகுமாரியின் குரல் சந்தோஷமாக இருந்தது. "நீ நல்லாருக்கணும் தாயி. நான் குளிக்கப் போற நேரத்துல தினம் சிரிப்புச் சத்தம் கேக்குது. உன்கூடப் பேசி முடிச்சா, வச்ச இட்லியத் தட்டாமச் சாப்பிடுதாக. நேத்துப் பாட்டுல்லாம் பாடுனாகளே, கேட்டியா?"

"கேட்டேன் மதினி" என்று எப்படியோ சொல்லி வைத்தாள்.

அப்படியானால் பேசுவது யார்?

செல்லை எடுத்து முதல் முறையாகத் தன் வீட்டு எண்ணுக்கே அடித்தாள். காதில் மணி அடித்தது. எதிரே இருந்த புதுப் போன் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. யாரோ எடுத்தார்கள்.

"ஹலோ அண்ணா! இன்னிக்கு ரெண்டாவது தடவையா?" என்றது ஒரு இளம்பெண் குரல்.

"யாரு நீ?"

அந்தப் பெண் பயந்துபோய் முழு விலாசத்தையும் சொல்லிவிட்டாள். அதே பிளாக்கில், அடுத்த படிக்கட்டில், இரண்டாவது மாடி. பெயர் அபூர்வா. ரயில்வேயில் இருக்கும் சந்திரமௌலியின் மகள்.

சந்திரமௌலி! மேகலாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. முறுக்கிக் கட்டியபோது லைன்மேன் இரண்டு ஒயரை மாற்றிக் கட்டியிருக்கிறான். அவள் எண் அந்த வீட்டில் அடிக்கிறது, அந்த வீட்டு எண் இவளிடம். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியிறங்கி, படியேறி, அந்தக் கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்தவள் கழுத்தில் ஹெட்போன் தொங்கியது. ஏதோ சேனலுக்கு வீட்டிலிருந்தே வீடியோ எடிட் செய்கிற பெண். டெல்லியிலேயே பிறந்தவள். தமிழை ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துப் பேசினாள்.

"ராங் நம்பர்னு சொல்லத் தெரியாதா உனக்கு?"

"சொன்னேன் ஆன்ட்டி. பர்ஸ்ட் டே சொன்னேன். அவர் ரோனே லகே. அழுதார். மேகலா எங்கே, மேகலா எங்கேன்னு. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. அதான்... நான் தான் மேகலான்னு சொன்னேன்."

"என் பேரைச் சொல்லிப் பொய் பேசியிருக்கே."

"ஆமா ஆன்ட்டி. சாரி." பெண்ணுக்குக் கண் கலங்கியது. "ஆனா எனக்குத் தமிழ் ஜாஸ்தி வராது. அதனால நான் ஒண்ணும் பேசறது இல்லை. அவர் பேசுவார். நான் அச்சா அண்ணா, சரி அண்ணா சொல்வேன். நான் தப்பாப் பேசினா சிரிப்பார். பாப்பா மாதிரி பேசறேன்னு சொல்வார்."

மேகலாவுக்குப் புரிந்துவிட்டது. இந்த அரைகுறைத் தமிழில் அண்ணனுக்குக் கேட்டது, அரைப்பாவாடை கட்டின தங்கை. ஆபீஸர் தங்கை பேச்சில் அது எந்தக் காலத்தில் கேட்டது?

"அப்பாவைக் கேப்பாரே, என்ன சொல்லுவே?"

"வருவார்னு சொல்வேன்."

"எங்கப்பா செத்துப் போயாச்சு."

"ஐயோ. எனக்குத் தெரியாது ஆன்ட்டி" என்றாள் அபூர்வா. பிறகு தயங்கித் தயங்கி, "ஆனா வருவார்னு சொன்னா அவர் குஷ் ஆயிடுவார்" என்றாள்.

திட்டுவதற்கென்று கொண்டுவந்ததில் பாதி அப்படியே கரைந்துவிட்டது. மீதியை லைன்மேன் தலையில் கொட்டினாள். மறுநாள் அவனைப் பெட்டி முன்னால் நிறுத்தி, பக்கத்திலேயே கையில் செல்லோடு நின்று, இரண்டு எண்ணுக்கும் மாற்றி மாற்றி அடித்துப் பார்த்த பிறகுதான் போகவிட்டாள். எண் வீடு திரும்பியது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள். ஆனாலும் சாயங்காலம் சப்பாத்தி மாவு பிசையும்போது, அண்ணன் பாடியது எந்தப் பாட்டு என்று அந்தப் பெண்ணைக் கேட்காமல் வந்துவிட்டோமே என்று மனசு அரித்தது. பொறாமைதான். வேறு பெயர் சொல்லி மறைக்க ஒன்றுமில்லை.

அடுத்த நாள் காலையில் சீக்கிரமே புடவை கட்டி முடித்துப் போன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். எழுந்தாள். ஜன்னலைச் சாத்தினாள். மறுபடி உட்கார்ந்தாள். ஆபீஸ் பஸ் போகிற நேரம் போயிற்று. மணி அடித்தது.

"அண்ணே! நான்தான் மேகலா பேசுறேன்! எப்படியிருக்கீங்க? மாத்திரை போட்டீங்களா? இத்தன நாளா லைன்ல கோளாறுண்ணே, நீங்க பேசினது என்கூட இல்ல—"

மறுமுனையில் ரிசீவர் ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாறுவது கேட்டது.

"அண்ணே?"

"நீ யாரும்மா?" என்றார் அண்ணன். மரியாதையாகத்தான் கேட்டார், பூத்துக்கு வந்த வெளியூர்க்காரரைக் கேட்பதுபோல. "மேகலா இல்லையா? மேகலாகிட்டக் குடு."

"நான்தாண்ணே மேகலா. உங்க கூடப் பொறந்த மேகலா. நல்லா யோசிச்சு—"

"குடும்மா" என்றார். குரல் நடுங்கத் தொடங்கியிருந்தது. "எங்க போனா அவ? அவளுக்கு என்ன ஆச்சு?"

நல்லா யோசிச்சுப் பாருங்க என்று அவள் நாக்கு மறுபடி புரண்டது. அதற்குள் அவர் அழுதுவிடுவார் என்று தெரிந்தது. இப்போது அழப்போவது அப்பாவுக்காக அல்ல, அவளுக்காக. மேகலா பல்லைக் கடித்தாள். பிறகு, "இருங்க, கூப்பிடுறேன்" என்றாள்.

ரிசீவரை ஸ்டூல்மேல் வைத்தாள். கூடத்தில் ஒரு நடை நடந்து வந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மறுபடி எடுத்தபோது ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் விசாரிக்கவில்லை. குரலை இறக்கி, மெதுவாக, "அண்ணே" என்று மட்டும் சொன்னாள்.

"வந்துட்டியாத்தா!" அவர் பெருமூச்சு விட்டது டெல்லிவரை கேட்டது. "பயந்தே போய்ட்டேன். யாரோ ஒரு பொம்பள எடுத்தா. எடுத்ததும் கத்துறா. யாரு அவ?"

மேகலா கண்ணை மூடிக்கொண்டாள்.

"பக்கத்து வீட்டுக்காரவுகண்ணே" என்றாள். "இனிமே அவுக எடுக்க மாட்டாக."