சத்தம் நின்ற விரல்

1. கார்த்திகையில் ஒரு நாள், கோப்பையைத் தட்டியபோது வலது நடுவிரல் முட்டி வலித்தது.
2. நெட்டி முறிக்கும் பழக்கத்தால்தான் வலிக்கிறது என்று நானே முடிவு செய்தேன்.
3. நெட்டி முறிப்பதை நிறுத்தினேன்.
4. மூன்றாம் வாரம், அந்த விரல் முறித்தாலும் சத்தம் போடவில்லை. சந்தோஷப்பட்டேன்.
5. மூன்று மாதம் போனது.
6. ஒரு காலையில் என்னால் தலை பின்ன முடியவில்லை.

தவறு இரண்டாவது வரியில் நடந்தது. நான்காவது வரியிலேயே அது தெரிந்திருக்க வேண்டும். என் வேலை அப்படிப்பட்டது.

விருத்தாசலத்தில் பீங்கான் கோப்பை செய்யும் ஒரு சிறிய பட்டறையில் தரம் பார்க்கிறேன். பீங்கான் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ படித்தவள். சூளையிலிருந்து இறங்கும் ஒவ்வொரு கோப்பையையும் தட்டிக் கேட்க வேண்டும். நல்ல கோப்பை மணி போல ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் சத்தம் அமுங்கிவிடும். தட்டுவதற்கு மரக்குச்சி கொடுத்திருக்கிறார்கள். நான் விரல் முட்டியால்தான் தட்டுவேன். குச்சியைவிட என் விரலை நம்பினேன்.

நெட்டி முறிப்பது பள்ளியிலிருந்தே வந்த பழக்கம். பத்து விரல், பிறகு கழுத்து, பிறகு கால் விரல்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அம்மா கத்துவார். “நெட்டி எடுத்து எடுத்து விரலே கோணிக்கப் போவுது. அப்பறம் அம்மா, கையி வலிக்குதுன்னு எங்கிட்ட வரக் கூடாது, சொல்லிட்டேன்.”

அதனால் வலித்தபோது அம்மாவிடம் போகவில்லை. ஒரு நோட்டுப் போட்டேன். என்னை அறியாமல் முறித்தால் ஒரு கோடு. முதல் நாள் நாற்பத்தொரு கோடு.

அந்த வாரங்களை அமைதியாகக் கடந்தேன் என்று சொல்ல மாட்டேன். கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சாவிக்கொத்தை உருட்டினேன், துப்பட்டா நுனியை முறுக்கினேன், உள்ளங்கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தேன். பக்கத்து மேசையில் கோப்பை பிரிக்கும் விஜயா அக்கா ஒரு நாள் நோட்டை எட்டிப் பார்த்தார்.

“என்னா பாப்பா, விரலுக்கும் ரிஜெக்ட் கணக்கு எழுதறியா?”

“பழக்கத்த வுடறேன்க்கா.”

“வுட்டுட்டு? எங்க வூட்டுக்காரரும் பீடிய வுடறேன்னு நோட்டு போட்டாரு. இப்ப அந்த நோட்டக் கிழிச்சிதான் பத்த வெக்கிறாரு.”

மூன்றாம் வாரம் என் தங்கை கைக்குழந்தையோடு வந்தாள். குழந்தைக்குக் கண்ணேறு கழிக்க, முகத்தை வழித்து, விரல்களை என் நெற்றிப் பொட்டில் வைத்து அழுத்தினேன். இடது கையில் நான்கு விரலும் படபடவென்று முறிந்தன. வலது கையில் ஒன்றும் இல்லை. அதிகச் சத்தம் வந்தால் அதிகக் கண் பட்டிருக்கிறது என்பது வழக்கம்.

“பாதிக் கண்ணுதான் பட்டிருக்குது போ,” என்று அம்மா சிரித்தார்.

நான் நோட்டில் ‘வலது நடுவிரல்: பூஜ்யம்’ என்று எழுதி, தேதி போட்டு, பக்கத்தில் சரிக்குறியும் போட்டேன்.

மார்கழியில் விடியும்போது கைகள் பலகை போல இருந்தன. பனி என்று நினைத்தேன். வெந்நீரில் வைத்தால் கொஞ்சம் இளகும். தை முடிவதற்குள், கையை வெந்நீரில் வைத்துக்கொண்டு வேலைக்கு நேரமாவதைக் கணக்கிடுவதே என் காலை ஆகிவிட்டது. மாசியில் அந்தத் தலை பின்னாத நாள். சீப்பு மூன்று முறை விழுந்தது. அம்மா வந்து எடுத்தார். என் கைகளைப் பார்த்தார். இரண்டிலும் முட்டிகள் வீங்கிப் பளபளத்தன. இருபத்தாறு வயது மகளுக்குப் பின்னிவிட்டார்.

ஊர் மருத்துவர் இரத்தப் பரிசோதனை எழுதி, சிதம்பரத்தில் மூட்டுவாத நிபுணரைப் பார்க்கச் சொன்னார். அங்கே நடைபாதையில் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். நான் உட்காரவே இல்லை. சுவரில் இருந்த ஓடுகளை எண்ணினேன். விரிசல் விட்டவை ஏழு.

மருத்துவர் என் கையைப் பக்கவாட்டில் சேர்த்து அழுத்தினார். வலியில் கண்ணீர் வந்தது.

“காலையில எவ்ளோ நேரம் விறைப்பா இருக்குது?”

“ஒரு மணி நேரம். சில நாள் அதுக்கும் மேல.”

அம்மா குறுக்கிட்டார். “நெட்டி எடுத்தே கெடுத்துக்கிட்டா டாக்டரம்மா. சொன்னா கேட்டாத்தானே.”

மருத்துவர் தன் கட்டை விரலை இழுத்தார். ‘டக்’ என்றது. “நானும்தான் எடுக்கறேன்மா. இதுனால இந்த நோவு வராது.”

மூட்டுக்குள் வழவழப்பான நீர்மம் இருக்கிறது. விரலை இழுக்கும்போது அங்கே வாயுக் குமிழி உண்டாகிறது, அந்தச் சத்தம்தான் அது என்று விளக்கினார். வெறும் சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். சத்தத்தோடு வலியோ வீக்கமோ இருந்தால், மூட்டு பூட்டிக்கொண்டால், காலை விறைப்பு நீண்டால், உடனே காட்ட வேண்டும். இதைப் படிக்கும் நீங்களும் இதை மட்டுமாவது நினைவில் வையுங்கள்.

எனக்கு வந்திருப்பது முடக்குவாதம் (உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல், மூட்டின் உள்ளுறையையே தாக்கும் நோய்). என் நோட்டைக் கொடுத்தேன். அவர் சரிக்குறி போட்ட பக்கத்தில் நிறுத்தினார்.

“வீங்கின மூட்டு லேசுல இழுபடாது. அதான் சத்தம் நின்னுடுச்சி. இந்தத் தேதியில நீங்க எங்கிட்ட வந்திருக்கணும்.”

ஊடுகதிர்ப் படத்தில் (எக்ஸ்ரே) நடுவிரல் எலும்பின் ஓரத்தில் சிறிய அரிப்பு தெரிந்தது. அரித்த எலும்பு திரும்ப வளராது. மற்ற விரல்களைக் காப்பாற்றலாம் என்றார். தட்டும் வேலையைத் தொடர முடியுமா என்று கேட்டேன். “ஆறு மாசம் கழிச்சிக் கேளுங்க,” என்றார்.

திரும்பும் பேருந்து சேத்தியாத்தோப்பில் நின்றபோது அம்மா என் பக்கம் திரும்பினார்.

“நான் அப்பிடிக் கத்தாம இருந்தா, வலிக்குதுன்னு அன்னிக்கே சொல்லியிருப்ப இல்ல?”

ஆமாம் என்பதுதான் உண்மை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சிறிது நேரத்தில் அம்மா என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். வீடு வரும்வரை விடவில்லை.

மெதோட்ரெக்சேட் (எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரை) வாரத்தில் ஒரே ஒரு நாள். தினமும் போட்டால் ஆபத்து என்பதால் நாட்காட்டியில் ஞாயிறுகளைச் சிவப்பில் வட்டமிட்டேன். மறுநாள் முழுக்கக் குமட்டல். கல்லீரலையும் இரத்த அணுக்களையும் பார்க்க அடிக்கடிப் பரிசோதனை. முதல் ஆறு வாரம் ஒரு மாற்றமும் இல்லை. ஒரு நாளில் பத்து முறை கையை மூடித் திறந்து பார்ப்பேன்.

பட்டறையில் மரக்குச்சியை இடது கையில் பிடித்தேன். கோப்பையின் ஒலியே வேறாகக் கேட்டது. நான் தேர்ந்தெடுத்தவற்றை விஜயா அக்கா, யாரும் சொல்லாமலே, மறுபடி தட்டிப் பார்த்தார். “இன்னிக்கி ஒண்ணு வுட்டுட்ட பாப்பா. கைப்பிடிகிட்ட.” அடுத்த வாரம் ஒன்றும் இல்லை. அதற்கடுத்த வாரம் அவரே விட்ட ஒன்றை நான் பிடித்தேன். “போதும், ரொம்பத் துள்ளாத,” என்றார்.

மாத்திரை தொடங்கிய ஐந்தாம் மாதத்தில் குழாயைத் திருகும்போது வலது ஆள்காட்டி விரல் ‘டக்’கென்றது. தண்ணீர் வாளி நிறைந்து வழிந்தது. இன்னொரு முறை இழுத்துப் பார்க்கத் துடித்தேன். இழுக்கவில்லை. சமையலறையில் இருந்த அம்மாவுக்கும் அந்தச் சத்தம் கேட்டுவிட்டது. “இன்னொரு வாட்டி எடு,” என்றார்.

இன்றைய நிலை: காலை விறைப்பு பதினைந்து நிமிடம். மாத்திரை தொடர்கிறது. தலையை நானே பின்னுகிறேன். கோப்பைகளை இடது கையால் தட்டுகிறேன். வேலை என்னிடமே இருக்கிறது. ஆள்காட்டி விரல் சத்தம் போடுகிறது. நடுவிரல் போடவில்லை.